காடே கோட்டையாக நின்ற கண்டி இராச்சியம்



நம் பிள்ளைகள் கற்பனை இராச்சியங்களில் பெரு விருப்பம் உடையவர்கள். கணினி விளையாட்டிலும் கதைப் புத்தகத்திலும் அவர்கள் காணும் நாடுகள் பெரும்பாலும் ஒரே சாயலில் அமைந்திருக்கின்றன. நடுவே ஓர் அரண்மனை. சுற்றிலும் இருண்ட காடு. காட்டுக்குள் ஒன்றுக்கொன்று நெடுந்தொலைவில் சில ஊர்கள். உள்ளே நுழைந்தவன் திரும்புவதில்லை என்னும் அச்சம். உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒருவர் இத்தகைய வரைபடம் ஒன்றை வரைந்து கொண்டுவந்து, "இப்படி ஒரு நாடு உண்மையாகவே இருந்ததா, ஐயா?" என்று கேட்டார். இருந்தது, அதுவும் நமக்கு அண்மையில்தான் இருந்தது, அதன் அரண்மனையில் தமிழும் ஒலித்தது என்று விடை கூறினேன். அந்த விடையை விரிவாக எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம். இலங்கையின் நடுமலையில் இருந்த கண்டி இராச்சியமே நான் குறிப்பிடும் நாடு.

மலையும் காடும் காய்ச்சலும்

1505ஆம் ஆண்டு போர்த்துக்கீசியர் இலங்கைக் கரையை அடைந்தனர். அடுத்த ஒரு நூற்றாண்டு காலத்தில் மேற்குக் கரையின் கோட்டை இராச்சியம் அவர்கள் கைக்குப் போயிற்று. 1619இல் யாழ்ப்பாண இராச்சியமும் வீழ்ந்தது. எஞ்சி நின்றது கடலிலிருந்து விலகி, மலைகளுக்கு நடுவே, மகாவலி ஆறு வளைந்தோடும் இடத்தில் அமைந்த கண்டி ஒன்றே. செங்கடகல என்பது அந்நகரின் பழைய பெயர். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில் அது இருக்கிறது. நம் நாட்டின் மிக உயர்ந்த இடமாகிய புக்கிட் தீமா குன்றின் உயரம் ஏறத்தாழ 164 மீட்டர். அதைப் போல் மூன்று மடங்கு என்று சொன்னால் பிள்ளைகளுக்கு எளிதில் விளங்கும்.

திருக்குறளில் அரண் என்றோர் அதிகாரம் உண்டு. மதிலை மட்டும் அரணாகக் கொள்ளாமல் மலையையும் காட்டையும் அரணாக எண்ணும் மரபு நம்முடையது. அம்மரபுக்குக் கண்டியைக் காட்டிலும் சிறந்த சான்று கிடைப்பது அரிது. அந்நகரைச் சுற்றி வானளாவிய கல்மதில் ஏதும் இல்லை. காடே மதில், கணவாயே வாயில். எல்லைப்புறக் காடுகளை வெட்டுவதற்கு அரசர்கள் தடை விதித்திருந்தனர். பாதைகள் ஒருவர் பின் ஒருவராக மட்டுமே நடக்கத் தக்கனவாய் இருந்தன. அவற்றை அகலப்படுத்தவும் மன்னர்கள் விரும்பவில்லை. தாழ்நிலக் காட்டில் மலேரியாக் காய்ச்சல் இருந்தது. மழைக்காலத்தில் அட்டைகள் மொய்த்தன, ஆறுகள் கரைபுரண்டன. படையெடுத்து வருபவன் வாளைக் காணுமுன் இவற்றையெல்லாம் கடக்க வேண்டியிருந்தது.

களிமண் அனுமதிச்சீட்டு

இந்த நாட்டின் உள்வாழ்க்கையை வெளியுலகுக்கு விரிவாக எடுத்துரைத்தவர் ஓர் ஆங்கிலேயக் கைதி. அவர் பெயர் ராபர்ட் நாக்ஸ். 1660ஆம் ஆண்டு, திருகோணமலைக்கு அருகே கொட்டியாரக் குடாவில் பாய்மரம் செப்பனிட ஒதுங்கிய கப்பலிலிருந்து தம் தந்தையாரோடும் மாலுமிகள் சிலரோடும் அவர் பிடிபட்டார். அப்போது ஆட்சி புரிந்தவன் இரண்டாம் இராஜசிங்கன். தந்தையார் மறு ஆண்டே காய்ச்சலால் இறந்தார். மகனோ ஏறத்தாழ 20 ஆண்டுகள் அந்நாட்டில் வாழ்ந்தார். சங்கிலி இல்லை, சிறைக்கூடம் இல்லை. ஊர் ஊராகப் பிரித்து வைக்கப்பட்டனர். ஊரார் உணவு அளித்தனர். காடுதான் சிறை.

1681இல் இலண்டனில் வெளியான அவருடைய நூலில் ஐந்து நகரங்களே நகரங்கள் என எண்ணப்பட்டுள்ளன. கண்டி, நிலம்பை, அளுத்நுவர, பதுளை, மன்னன் தங்கியிருந்த திக்லிகி ஆகியவையே அவை. ஏனையவை காட்டுக்குள் சிதறிக் கிடந்த சிற்றூர்கள். ஊருக்கும் ஊருக்கும் இடைப்பட்ட வழிகளில் முள்ளால் பின்னிய படல்கள் தொங்கின. அங்கே காவலர் இருந்தனர். அவ்வழியே செல்வோர் அனுமதி பெற்றிருக்க வேண்டும். அந்த அனுமதி, களிமண்ணில் பதித்த ஒரு முத்திரை. போர்வீரனாயின் தோளில் ஈட்டி ஏந்திய மனித உருவம். கூலியாளாயின் தோளில் காவடிச் சுமை தூக்கிய உருவம். வெள்ளையனாயின் இடையில் வாளும் தலையில் தொப்பியும் உடைய உருவம். எழுத்தறியாத காவலனும் பார்த்த அளவில் அறிந்துகொள்ளும் கடவுச்சீட்டு! உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்று பழகிய நம் பிள்ளைகளுக்கு இச்செய்தியைச் சொல்லிப் பாருங்கள். வரலாறு கையில் தொட்டது போல் ஆகிவிடும்.

நாக்ஸ் தொப்பி பின்னி விற்கக் கற்றுக்கொண்டார். ஸ்டீபன் ரட்லண்ட் என்னும் தோழரோடு தலைச்சுமை வணிகராக வடபுலத்து ஊர்களுக்குப் போய்வந்து வழியை அறிந்தார். 1679இல் அனுராதபுரத்தின் இடிபாடுகளைக் கடந்து, மல்வத்து ஓயா ஆற்றை ஒட்டிக் காட்டுக்குள் நடந்து, மன்னாருக்குத் தெற்கே அரிப்பில் இருந்த டச்சுக் கோட்டையை இருவரும் அடைந்தனர். அவ்வழியின் வடக்கே தமிழ் வன்னியர்களின் நாடு இருந்தது. நாக்ஸின் நூலிலுள்ள வரைபடம் அப்பகுதியைக் கயிலாய வன்னியனின் நாடு என்றே குறிக்கிறது. கண்டியின் காட்டுக்கு அப்பால் மற்றொரு காட்டு நாடு. அதில் நம் மொழி பேசிய தலைவர்கள்.

வென்று தோற்ற படைகள்

கண்டியின் மீது படையெடுத்தவர் பலர். 1594இல் போர்த்துக்கீசியர் வந்தனர், தந்துரையில் அழிந்தனர். 1630இல் ரந்தெனிவெலவில் அவர்களுடைய படைத்தலைவர் கொன்ஸ்டான்டீனோ டி சா மாண்டார். 1638இல் கண்ணொறுவையில் மீண்டும் ஒரு பெருந்தோல்வி. போர்த்துக்கீசியரை விரட்டக் கண்டி மன்னன் டச்சுக்காரரைத் துணைக்கு அழைத்தான். 1658க்குள் அவர்கள் போர்த்துக்கீசியரை விரட்டினர். விரட்டிய பின் கரையோரத்தைத் தாமே வைத்துக்கொண்டனர்.

இப்போர்களில் ஒரே உத்தி திரும்பத் திரும்பக் கையாளப்பட்டது. பகைவன் வரும்போது மன்னனும் மக்களும் நகரை விட்டு நீங்கிவிடுவர். பகைவன் ஆளில்லா நகரைக் கைப்பற்றி மகிழ்வான். பின்னர் மழை தொடங்கும், காய்ச்சல் பரவும், கரையிலிருந்து உணவு வரும் பாதை அடைபடும். பின்வாங்கும் போதுதான் காடு உயிர்பெறும். 1765இல் டச்சு ஆளுநர் வான் எக் கண்டி நகருக்குள் புகுந்தார். அவருடைய படையும் நிலைத்திருக்க இயலவில்லை. ஆயினும் 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கண்டி தன் கடற்கரை முழுவதையும் இழந்தது. காட்டு நாட்டுக்கும் உப்பு வேண்டுமன்றோ? தன்னைச் சுற்றிலும் கடல் இருந்தும் உப்புக்குப் பிறர் இசைவை நாடும் நிலைக்கு அந்நாடு வந்தது. தனித்திருத்தல் வலிமை, ஆனால் முழுவதும் தனித்திருத்தல் எவர்க்கும் இயலாது என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

1796இல் கரையோரம் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1803 பிப்ரவரியில் அவர்கள் கண்டியைப் பிடித்து, முத்துசாமி என்பவரை அரசராக அமர்த்தினர். காய்ச்சலால் படை நலிந்தது. ஜூன் 24 அன்று மேஜர் டேவி சரணடைந்து நகரை விட்டு வெளியேறினார். மகாவலி ஆறு பெருகி ஓடிற்று, கடக்க வழியில்லை. முத்துசாமி ஒப்படைக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். ஆற்றங்கரையில் ஆங்கிலேயப் படையினர் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர். டேவி கைதியாகவே கண்டியில் வாழ்ந்து மறைந்தார்.

மதுரையிலிருந்து வந்த மன்னர்கள்

இனிப் பெற்றோர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் வினாவுக்கு வருகிறேன். "கண்டியின் கடைசி அரசர் தமிழர்தானே?" என்பதே அவ்வினா. பெருமிதத்தோடு கேட்கப்படும் இவ்வினாவுக்கு ஒரு சொல்லில் விடை கூறிவிடலாகாது.

கண்டி அரியணைக்கு உரியவர் அரச குலத்தவராக இருத்தல் வேண்டும் என்பது மரபு. உள்ளூர்ப் பிரபுக்கள் எவ்வளவு செல்வாக்கு உடையவராயினும் அரசராதல் இயலாது. ஆகவே அரசியரை மதுரையிலிருந்து பெறும் வழக்கம் ஏற்பட்டது. 1739இல் நரேந்திரசிங்கன் பிள்ளைப்பேறின்றி இறந்தபோது, அரசியின் உடன்பிறந்தவர் ஸ்ரீ விஜய ராஜசிங்கன் என்னும் பெயரில் முடிசூடினார். அவரைத் தொடர்ந்து கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன், ராஜாதி ராஜசிங்கன், ஸ்ரீ விக்ரம ராஜசிங்கன் என நாயக்க மரபினர் நால்வர் 76 ஆண்டுகள் ஆண்டனர். கடைசி மன்னரின் இயற்பெயர் கண்ணுசாமி. 1798இல் அரியணை ஏறியபோது அவருக்கு வயது ஏறத்தாழ 18.

மதுரை நாயக்கர்கள் தெலுங்கு வழியினர். தமிழகத்தில் வாழ்ந்து தமிழோடு கலந்தவர்கள். கண்டிக்கு வந்த பின் சிங்கள நாட்டின் பௌத்த மன்னர்களாக ஆண்டனர். கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் சயாமிலிருந்து பிக்குகளை வரவழைத்து 1753இல் இலங்கைப் பௌத்தத் துறவு மரபுக்குப் புத்துயிர் அளித்தார். இன்று உலகம் போற்றும் கண்டிப் பெரஹராவில் புத்தரின் தந்தச் சின்னத்துக்குரிய பேழை வலம்வருவதும் அவர் காலத்து ஏற்பாடே. அப்படியிருந்தும் 1760இல் அவரைக் கொல்லச் சதி நடந்தது. திருநீறு பூசும் அந்நியர் என்பது அவர்மீது சாட்டப்பட்ட குறைகளுள் ஒன்று. இவர்களைத் தெலுங்கர் என்பதா, தமிழர் என்பதா, சிங்கள மன்னர் என்பதா? மூன்றும் ஒருவகையில் உண்மை. ஒன்றை மட்டும் சொன்னால் மூன்றும் பொய். பல மொழியும் பல சமயமும் ஓரிடத்தில் வாழும் சிங்கப்பூரில் வளரும் பிள்ளைகளுக்கு இது புரியாத செய்தி அன்று.

உள்ளிருந்து திறந்த கதவு

காடு அழியாமலே கண்டி வீழ்ந்தது என்பதுதான் இவ்வரலாற்றின் திருப்பம்.

கண்ணுசாமியை அரியணையில் அமர்த்தியவர் பிலிமத்தலாவை என்னும் முதலமைச்சர். இளைஞரைப் பெயருக்கு அரசராக்கித் தாமே ஆள எண்ணினார் போலும். மன்னரோ அடங்கவில்லை. இருவருக்கும் பகை மூண்டு அமைச்சர் மரண தண்டனைக்கு ஆளானார். அடுத்து வந்த எகலப்பொலை 1814இல் கிளர்ச்சி செய்து ஆங்கிலேயரிடம் அடைக்கலம் புகுந்தார். அவருடைய மனைவியும் பிள்ளைகளும் மன்னரின் ஆணையால் கொல்லப்பட்டனர். அக்கொடுமையை மக்கள் மறக்கவில்லை. பிரபுக்களும் மன்னரை விட்டு விலகினர்.

இவற்றையெல்லாம் கொழும்பிலிருந்து உற்று நோக்கியவர் ஜான் டாய்லி. சிங்களம் கற்று, கண்டித் தலைவர்களோடு கடிதத் தொடர்பு வைத்து, ஒற்றர் வழியே செய்திகளைத் திரட்டியவர் அவர். 1815இல் வழிகாட்டப் பிரபுக்களே இருந்தனர். பெரும்போர் ஏதுமின்றிப் பிப்ரவரி 14 அன்று நகரம் வீழ்ந்தது. நான்கு நாளில் மன்னர் பிடிபட்டார். மார்ச் 2 அன்று கையெழுத்தான உடன்படிக்கை, மலபார் இனத்தார்க்கு இனிக் கண்டி அரியணையில் உரிமை இல்லை என அறிவித்தது. மலபார் என்பது அக்காலத்து ஐரோப்பியர் தமிழரைக் குறித்து வழங்கிய சொல். வியப்பு யாதெனில், அதே உடன்படிக்கையில் கண்டித் தலைவர்களுள் சிலர் தமிழ் எழுத்திலேயே ஒப்பமிட்டனர்.

மன்னர் 1816இல் வேலூருக்கு அனுப்பப்பட்டு, 1832 ஜனவரி 30 அன்று அங்கேயே மறைந்தார். பாலாற்றங்கரையில் அவர் நினைவாக முத்துமண்டபம் ஒன்று 1990இல் எழுப்பப்பட்டது. அவருடைய அரியணை இங்கிலாந்து சென்று, 1934இல் திரும்பிவந்து, கொழும்பு அருங்காட்சியகத்தில் உள்ளது.

பாதை வந்தது, காடு போயிற்று

காடு இருக்கும்வரை கிளர்ச்சி ஓயாது என்பதை 1817, 1818ஆம் ஆண்டுகளின் ஊவாக் கிளர்ச்சியால் ஆங்கிலேயர் உணர்ந்தனர். ஆகவே 1820களில் ஆளுநர் பார்ன்ஸ் கொழும்பிலிருந்து கண்டிக்கு வண்டிச் சாலை அமைத்தார். 1867இல் இருப்புப்பாதையும் மலை ஏறிற்று. 1840ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, உரிமைப் பத்திரம் இல்லாத காடுகளை அரசுக்குரியன ஆக்கியது. மன்னர்கள் கோடரி படாமல் காத்த காடு தோட்டக்காரர்க்கு விற்கப்பட்டுக் காப்பித் தோட்டமாயிற்று. காப்பியைப் பூஞ்சை நோய் அழித்த பின் தேயிலைத் தோட்டமாயிற்று.

அத்தோட்டங்களில் உழைக்க வந்தவர் யார்? நம்மவரே. தமிழகத்திலிருந்து படகில் மன்னார்க் கரையில் இறங்கி, சுமார் 200 கிலோமீட்டர் காட்டுவழியே நடந்து மாத்தளைக்கும் அப்பாலுள்ள மலைகளுக்கும் சென்றனர். நாக்ஸ் உயிர்தப்ப நடந்த அதே வறண்ட வடபுலக் காட்டில், இவர்கள் பிழைப்புக்காக எதிர்த்திசையில் நடந்தனர். காலராவும் காய்ச்சலும் பசியும் வழியிலேயே பலரைக் கொண்டு போயின. உயிரோடு சென்றவர்களின் வழித்தோன்றல்களோ 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் பெரும்பாலும் நாடற்றவர் ஆயினர். எஞ்சியோர்க்கு முழுமையான தீர்வு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் கிடைத்தது.

நம் தீவின் கதையும் இதற்கு வெகு தொலைவில் இல்லை. இன்று லிட்டில் இந்தியாவின் நடுவே செல்லும் சிராங்கூன் சாலை, 1828ஆம் ஆண்டு வரைபடத்தில் வெறும் குதிரைத் தடம். நகருக்கு அப்பால் காடு, அக்காட்டில் புலி. கம்பிர்த் தோட்டங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர் பலர் புலிக்கு இரையாயினர். இங்கே காட்டை வெட்டிச் சாலை போட்டவர்களுள் 1825 முதல் கொண்டுவரப்பட்ட இந்தியக் கைதிகள் முதன்மையானவர்கள். 1873 வரை அவர்களின் உழைப்பு தொடர்ந்தது. இரு தீவுகளிலும் காட்டைத் திறந்த கைகளில் தமிழரின் கைகளும் இருந்தன.

வகுப்பறைக்குச் சில குறிப்புகள்

ஆசிரியர்கள் இப்பாடத்தை எடுக்கும்போது மூன்று செயல்களைச் செய்யலாம். முதலாவது, மாணவர்களையே ஒரு மலைநாட்டு வரைபடம் வரையச் சொல்லி, பின்னர் நாக்ஸின் வரைபடத்தைக் காட்டி ஒப்பிடச் செய்யலாம். இரண்டாவது, களிமண்ணில் தம் குடும்பத் தொழிலுக்கு ஏற்ற ஓர் அனுமதி முத்திரையை வடிக்கச் செய்யலாம். தொழிற்பெயர்களைத் தமிழில் கற்க இது நல்ல வாய்ப்பு. மூன்றாவது, "கண்டி ஏன் வீழ்ந்தது?" என்று விவாதிக்கச் செய்யலாம். பீரங்கியால் என்று சிலர் சொல்வர். துரோகத்தால் என்று சிலர் சொல்வர். மன்னரின் கொடுமையால் என்று வேறு சிலர் சொல்வர். எவரையும் தவறு என்று சொல்லாமல், ஒவ்வொருவரிடமும் சான்று கேளுங்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். மின்னஞ்சலிலும் கைப்பேசியிலும் "கடைசித் தமிழ் மன்னர்" என்னும் தலைப்பில் செய்திகள் வலம்வருகின்றன. அவற்றைப் பிள்ளைகளுக்கு அப்படியே சொல்லாதீர்கள். சொல்வதானால் முழுவதும் சொல்லுங்கள். அரியணையில் அமர்ந்த கண்ணுசாமியைச் சொல்லும் வாய், அவர் ஆணையால் மாண்ட குழந்தைகளையும் சொல்ல வேண்டும். அரண்மனையில் ஒலித்த தமிழைச் சொல்லும்போது, மன்னார்க் காட்டில் தாகத்தால் விழுந்தவனின் கடைசிச் சொல்லும் தமிழே என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். மன்னருக்கு மண்டபம் உண்டு, பெயர் உண்டு, இறந்த நாளும் உண்டு. நடந்து மடிந்தவர்க்கு இவை எவையும் இல்லை. நம் பிள்ளைகள் படிக்கும் வரலாற்றிலாவது அவர்களுக்கு ஓர் இடம் இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியர்